பினாங்கில் டெபிட் கார்டு: ரூபாயா, ரிங்கிட்டா?

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு பினாங்கு போனோம். அங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நம் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் ஆட்கள் போகிறார்கள், அவர்களுக்கு உதவும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

துணிக்கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் திரையில் இரண்டு தொகை வந்தது. மேலே மலேசிய ரிங்கிட், கீழே இந்திய ரூபாய். கல்லாவில் இருந்தவர் கேட்காமலேயே ரூபாயை அழுத்தப் போனார். "தம்பி, ரிங்கிட்லயே போடுங்க" என்று நிறுத்தினேன். அப்பத்தாவுக்கு ஆச்சரியம். "ரூவாயில போட்டாத்தானே நமக்குக் கணக்குப் புரியும்?"

கணக்குப் புரியும், ஆனால் காசு கூடப் போகும். அந்த ரூபாய்த் தொகை நம் வங்கி போட்டதல்ல. மெஷின் நடத்தும் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்துப் போட்டது. ரிங்கிட்டில் கொடுத்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்களின் நாணய மாற்று விகிதம்தான், அதன் மேல் நம் வங்கிக் கட்டணம். பல வங்கிகளில் அது 3.5 சதவீதம் வரை போகிறது. 10,000 ரூபாய்ச் சேலைக்கு 350, அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 63, ஆக 413 ரூபாய். ரூபாயில் போட்டால் இதாவது மிச்சம் என்று நினைக்காதீர்கள். கடை வெளிநாட்டில் இருப்பதால் சில வங்கிகள் அதற்கும் கட்டணம் பிடிக்கின்றன. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

அப்புறம், கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்முக்கும் கடை மெஷினுக்கும் மட்டுமே திறந்து வருகின்றன. வரம்பையும் குறைத்து வையுங்கள், ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள்.

—

பள்ளத்தூரிலிருந்து: அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஓட்டல் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அறைக்கு முன்பணம் என்று என் டெபிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைத்தார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்புதான் குறையும். இதிலோ சேமிப்புக் கணக்கிலிருந்து நம் பணமே முடங்கிவிடுகிறது. அறையைக் காலி செய்து ஊர் வந்த பிறகும் அது திரும்பவில்லை. ஓட்டலில் "விட்டுவிட்டோம்" என்றார்கள், வங்கியில் "வரவில்லை" என்றார்கள். விடுவித்ததற்கான கடிதத்தை ஓட்டலிலிருந்து மின்னஞ்சலில் வாங்கி வங்கிக்கு அனுப்பிய பிறகே வந்தது. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முன்பணத்தை ரொக்கமாக வாங்குவார்களா என்று அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள்.