புதுப்பிப்பு: கிளிப்லெஸ் பெடல் பழகிவிட்டது

சிக்னலில் காலை எடுக்க முடியாமல் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தேன், ஷூவைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் இந்தக் கிளிப்லெஸ் பெடலைக் கழற்றிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கழற்றவில்லை.

பெரிய வித்தியாசம் தந்தது ஷூவைப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் குறைத்ததுதான். பெடலில் இருக்கும் சின்னத் திருகை ஆலன் கீயால் நன்றாகத் தளர்த்தினேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பி விடுவிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தேன். அன்று பதற்றத்தில் காலை மேலே இழுத்திருக்கிறேன். அப்படி இழுத்தால் வரவே வராது. இப்போது வண்டி உருளும்போதே, பெடல் கீழே வரும் நேரம் பார்த்து இடது காலை எடுத்துவிடுகிறேன்.

முழங்கால் உறுத்தலுக்கு, எஸ்பிடி-எஸ்எல் (ஷிமானோவின் பெடல் வகை) கிளீட்டில், அதாவது ஷூவின் அடியில் பொருத்தி பெடலில் மாட்டும் துண்டில், பாதத்துக்கு 6 டிகிரி அசைவு தரும் மஞ்சள் நிறத்துக்கு மாறினேன். குறைந்திருக்கிறது. இறுக்கத்தைக் கூட்ட இப்போதைக்கு அவசரமில்லை.