பிளாஸ்ட் முடிவுகளை இனியும் வெறும் லிஸ்டாகத்தான் தரப்போகிறோமா?

அரைப்புள்ளி:
பிளாஸ்ட் என்பது ஒரு மரபணு அல்லது புரத வரிசையை டேட்டாபேஸில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டுத் தேடும் நிரல். நம் லைப்ரரியில் அதன் முடிவு அட்டவணையைப் படித்தால் கைக்கு வருவது லிஸ்டுக்குள் லிஸ்ட். 12 நெடுவரிசைகளை டேப் கண்ட இடத்தில் வெட்டிப் போட்டதோடு சரி. போன வாரம் இ-வேல்யூவுக்கு (தற்செயலாக இப்படிப் பொருந்துவதை அளக்கும் எண், சிறியதே நல்லது) நெடுவரிசை எண் 10 (0-லிருந்து எண்ணினால்) என்று எழுதுவதற்குப் பதில் 11 என்று எழுதிவிட்டேன், அது பிட் ஸ்கோர் (பொருத்தத்தின் மதிப்பெண், பெரியதே நல்லது), 0.00001-ஐ விடக் குறைந்ததை மட்டும் எடு என்றால் ஒன்றும் தேறாது, நானோ டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று அரை நாள் அதைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இலக்கும் (டேட்டாபேஸில் பொருந்திய வரிசை) பெயருள்ள ஆப்ஜெக்டாக வரட்டும், அதில் பொருந்தும் துண்டுகள் அதற்குள் அடங்கட்டும்.

பைப்லைன்வாசி:
உங்கள் கை தவறியதற்கு எல்லோருடைய ஸ்கிரிப்டும் உடைய வேண்டுமா? லட்சக்கணக்கில் வரிகள் வரும்போது மெமரி என்ன ஆகும்? பெயர்தான் வேண்டும் என்றால் நேம்டு டியூப்பிள் போதும், அதில் எண்ணும் செல்லும் பெயரும் செல்லும். தட்டையாக இருந்தால்தான் அப்படியே அட்டவணையில் கொட்ட முடியும்.

எதிரிழை:
இருவரும் பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். 'தொடக்கம்' என்று பெயர் வைத்தால் மட்டும் அது 0-லிருந்து எண்ணியதா 1-லிருந்தா என்று தெரிந்துவிடுமா? மரபணுத் தொகுதியில் இடங்களைக் குறிக்கும் கோப்புகளையே பாருங்கள்: பெட் கோப்பில் 0, ஜிஎஃப்எஃப்3-இல் 1. வரிசைப் பொருத்தங்களைச் சேமிக்கும் சாம் கோப்பில் 1, அதையே பைனரி வடிவமான பாமாக மாற்றினால் உள்ளே 0. பிளாஸ்டில் டிஎன்ஏவின் எதிர் இழையில் பொருந்தினால் இலக்கின் தொடக்கம் முடிவை விடப் பெரிய எண்ணாக வரும், கழித்து நீளம் பார்ப்பவருக்கு மைனஸ்தான். பயோபைத்தான் லைப்ரரியில் தேடல் முடிவுகளைப் படிக்கும் சர்ச்ஐஓ எல்லாவற்றையும் 0-க்கு மாற்றி, தொடக்கத்தைச் சிறிய எண்ணாகவே வைத்து, இழையைத் தனியாகச் சொல்கிறது. நாமும் அதைச் செய்யலாமே.

பைப்லைன்வாசி:
எனக்குப் பயமே அதில்தான். ஸ்கிரிப்ட் உடைந்தால்கூட உடனே தெரிந்துவிடும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, எண் மட்டும் ஒன்று தள்ளிப் போனால் யார் கண்டுபிடிப்பது? ஓர் எழுத்து தள்ளி வெட்டி மொழிபெயர்த்தால் புரதமே வேறு.

அரைப்புள்ளி:
சரி, நியாயம்தான். அப்போ பழைய ஃபங்ஷனைத் தொட வேண்டாம், புதிதாக இன்னொன்று எழுதுவோம், எண்ணும் முறை அதன் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் துண்டுகளை இலக்குக்குள் அடுக்கி வைப்பதை நான் விடமாட்டேன். ஒரே இலக்கில் மூன்று துண்டு பொருந்தினால், வரியை எண்ணிவிட்டு மூன்று இலக்கு என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பைப்லைன்வாசி:
அதற்கு இலக்கின் ஐடியை வைத்துக் குழுவாக்கித் தரும் ஒரு மெத்தட் போதுமே, வேண்டியவர் கூப்பிட்டுக்கொள்ளட்டும். அப்புறம் பழைய ஃபங்ஷனில் எச்சரிக்கை போடுவதானால் ஓர் ஓட்டத்துக்கு ஒரு தடவை மட்டும் வரட்டும். வரிக்கு ஒன்று வந்தால் என் லாக் கோப்பு தாங்காது.