தொடர்புக்கட்டம்: ஒரு பரிந்துரை

வணக்கம்.

அரச சேவைப் பக்கங்களில் தொலைபேசி இலக்கம், அலுவலக நேரம், முகவரி எல்லாம் ஒன்றாக வரும் பகுதிக்குத் "தொடர்புக்கட்டம்" என்ற பெயரை முன்வைக்கிறேன். இந்தப் பகுதிக்குப் பெயர் தேடும் நம் உரையாடலில் ஏற்கனவே மற்றவர்கள் முன்வைத்த "விசாரணைப் பகுதி", "தொடர்பு அட்டை", "தொடர்புப் பெட்டி" ஆகிய சொற்கள் மட்டக்களப்பிலிருந்து பார்க்கும்போது எப்படிப் படுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"விசாரணைப் பகுதி" வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் விசாரணை என்றால் பொலிஸ் கூப்பிடுவது. போர்க்காலத்தில் விசாரணைக்கு என்று கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பி வராதவர்களின் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்க வழி தேடும் ஒரு தாயின் முன்னால் அந்தச் சொல்லை வைக்கக் கூடாது. அறிவித்தல்களின் அடியில் "விசாரணைகளுக்கு" என்று போடும் வழக்கம் இருக்கிறதுதான். அந்த வழக்கத்தை இணையத்துக்கும் கொண்டுவரத் தேவையில்லை.

"தொடர்பு அட்டை" என்றால் அடையாள அட்டை மாதிரி கையோடு கொண்டுபோக வேண்டிய ஏதோ ஒன்று என்று நினைப்பார்கள். "தொடர்புப் பெட்டி" சொன்ன தம்பிக்கு: ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் முறைப்பாட்டுப் பெட்டியின் ஞாபகம் வருகிறது. கட்டம், படிவம் நிரப்பிய எல்லாருக்கும் பழகிய சொல். "அவசரத் தொடர்புக்கட்டம்" என்று முன்னொட்டுச் சேர்த்தாலும் இடறாது.

இது வடிவமைப்பவர்களும் நிரல் எழுதுபவர்களும் தங்களுக்குள் பேசும் சொல். மக்கள் பார்க்கும் தலைப்பு "யாரிடம் கேட்கலாம்?" என்றே இருக்கட்டும்.

அப்புறம், கட்டத்துக்குள் என்ன வரவேண்டும் என்பது. பிரித்தானிய அரசின் வடிவமைப்பு முறைமை (அரச இணையப் பக்கங்களை அமைப்பதற்கான வழிகாட்டி) தொலைபேசி இலக்கத்தோடு வேலை நேரம், அழைப்புக் கட்டணம், கேட்கவோ பேசவோ முடியாதவர்களுக்கான வழி, மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்பதையெல்லாம் காட்டச் சொல்கிறது. நமக்கு இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: பேசும் மொழி. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற ஒரு விவசாயி யானை அழித்த வயலுக்கு நட்டஈடு கேட்டுக் கொழும்புக்கு அழைக்கும்போது, மறுமுனையில் தமிழ் பேசுபவர் இருப்பாரா என்று தெரியாமல்தான் அழைக்கிறார். அரச தகவல் நிலையத்தின் 1919 என்ற தொலைபேசி இலக்கத்தில் மூன்று மொழியிலும் கேட்கலாம் என்பதையும் அந்த வரியிலேயே போடலாம்.

இலக்கத்தைப் பிரதேசக் குறியீட்டோடு முழுதாக எழுத வேண்டும். மட்டக்களப்புக்கு 065. அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே அம்பாறை நகருக்கு 063, கல்முனைக்கு 067. குறியீட்டை விட்டுவிட்டு ஏழு இலக்கம் மட்டும் போட்டால் கைபேசியில் அழைப்புப் போகாது. கட்டாரிலிருந்து அழைக்கும் பிள்ளைக்கு முன்னால் உள்ள 0 போய் +94 வரவேண்டும். தொட்டால் அழைப்புப் போகும்படி இணைப்பை இந்த வடிவில் கொடுத்தால் உள்ளூருக்கும் வெளிநாட்டுக்கும் அது ஒன்றே போதும். ஸ்கேன் செய்த கடிதத்தைப் படமாகப் போட்டால் தொடவும் முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிக்கவும் முடியாது.

இலக்கத்துக்குப் பக்கத்தில் ஆளின் பெயரைப் போடாமல் பதவியைப் போடுவோம். இடமாற்றம் வந்தால் பெயர் பழசாகிவிடும். கிராம உத்தியோகத்தர் என்றால் அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களும் சேரட்டும்.

"மறுமொழிக் காலம்" என்பதைக் கணினித் துறையில் வழங்கி (server) பதில் தரும் நேரத்துக்கு ஏற்கனவே பாவிக்கிறார்கள். அதனால் மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்று மக்களுக்குச் சொல்லும் வரிக்குப் "பதில் வரும் காலம்" என்று வைப்போமா? இதற்கும் தொடர்புக்கட்டத்துக்கும் உங்கள் கருத்தைச் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து