பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போடலாமா? ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது

சென்னிமலை தறிக்காரன்:
வீட்டில் 2010இல் அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர் இருக்குதுங்க. கோர் 2 டுயோ, ஜி41 போர்டு, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. தறிக் கணக்கு முழுக்க அதில் டேலியில்தான். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் அப்பா ரெண்டு மாட்டிலும் பால் கறந்து முடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வாரமாக உள்ளே பல்லி கத்துகிற மாதிரி சத்தம் வேறு. கடையில் கேட்டால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள், அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற எஸ்எஸ்டி டிஸ்க்கை இந்தப் போர்டு ஏற்குமா? பழைய டிஸ்க்கை அப்படியே குளோன், அதாவது அச்சு அசலாக நகல், பண்ணிவிடலாமா?

வாய்க்கால் கரை, ஈரோடு:
தம்பி, எஸ்எஸ்டி கதை அப்புறம். டேலி டேட்டா ஃபோல்டரை இன்றைக்கே பென் டிரைவில் எடுங்க, எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்க. அந்தச் சத்தம் நல்லதுக்கில்லை. குளோன் போட்டால் டிஸ்க்கை மணிக்கணக்கில் விடாமல் படிக்கும், சாகக் கிடக்கிறது அந்த ஓட்டத்திலேயே போய்ச் சேர்ந்துவிடும். என் மச்சானுடைய மஞ்சள் மண்டிக் கணக்கு இப்படித்தான் போனது, ரெண்டு வருசத்து பில்லை உட்கார்ந்து கையால் ஏற்றினோம்.

போர்டு தாராளமாக ஏற்கும். 2.5 இன்ச் சாட்டா (கேபிளில் போர்டோடு இணைக்கிற வகை) எஸ்எஸ்டியாக வாங்குங்க, எம்.2 என்று மெல்லிசாக ஒன்றைக் காட்டுவார்கள், அதைச் செருக உங்களுக்கு ஸ்லாட் கிடையாது. உங்களுடையது சாட்டா 2, அந்த இணைப்பில் பழைய தலைமுறை, அதனால் அட்டையில் போட்டிருக்கிற 550 எம்பி வேகம் வராது, பாதிக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன வரும். அதற்காகக் கவலைப்படாதீங்க. தாமதமே டிஸ்க்கின் முள் சின்னச் சின்ன ஃபைலுக்காக அங்கேயும் இங்கேயும் ஓடுவதால்தான், எஸ்எஸ்டியில் அந்த ஓட்டமே இல்லை. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற போர்டு செட்டிங்) டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையை ஏஹெச்சிஐ மோடு என்று போடு என யூடியூபில் சொல்வார்கள். ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் அது இருக்காது, ஐடிஇ என்கிற பழைய முறையிலேயே விடுங்க.

கோவை அம்மணி:
அண்ணா சொன்னதோடு ஒன்றுங்க. டேலி லைசென்ஸ் அந்த மெஷினோடு கட்டியது. பழைய டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே உள்ளே போய் லைசென்ஸை சரண்டர் பண்ணி அந்த மெஷினிலிருந்து விடுவித்துவிடுங்க, இல்லையென்றால் புதிதில் ஆக்டிவேட் பண்ண அலைய வேண்டும். ராமையும் 4 ஜிபி ஆக்குங்க. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது, 10க்கும் 2025 அக்டோபரில் முடிந்தது. எதைப் போட்டாலும் பேங்க் வேலையை அதில் செய்யாதீங்க.

சென்னிமலை தறிக்காரன்:
முடிந்ததுங்க. டேட்டா எடுத்து லைசென்ஸ் சரண்டர் பண்ணிய மூன்றாம் நாள் பழைய டிஸ்க் பயாஸில்கூடத் தெரியவில்லை, நினைத்தால் வயிறு கலங்குகிறது. 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் புதிதாகவே ஏற்றினேன், இப்போது அரை நிமிடத்தில் டெஸ்க்டாப் வருகிறது. கேபினெட்டைத் திறந்தால் பிராசசர் ஃபேன் மேல் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது, விரலால் உரித்தே எடுத்தேன். ஒரு சந்தேகம், எஸ்எஸ்டியை மாட்ட பிராக்கெட் இல்லை, இன்சுலேஷன் டேப்பில் ஒட்டியிருக்கிறேன். பரவாயில்லைங்களா?

வாய்க்கால் கரை, ஈரோடு:
ஓடும் தம்பி, உள்ளே சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை. கேபிள் இழுபடாமல் மட்டும் பாருங்க, அந்தச் சாட்டா பிளக் சீக்கிரம் கழன்றுகொள்ளும். பஞ்சை மாதம் ஒருமுறை ஊதிவிடுங்க, கம்ப்யூட்டர் தறிக்குப் பக்கத்து அறையில்தானே இருக்கிறது?