ரிடக்‌ஷன் ஃபயரிங்: ‘மூட்டச் சுடல்’ எனலாமா?

நண்பர்களே,

பானை பற்றிய கட்டுரையில் வரும் ‘ரிடக்‌ஷன் ஃபயரிங்’, அதாவது காற்றை அடைத்துச் சுடும் முறை, அதற்குத் தமிழில் ‘ஒடுக்கச் சுடல்’, ‘புகைச் சுடல்’ என்று நேற்று வந்த இரண்டு சொற்களிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘ஒடுக்கச் சுடல்’ வேதியியல் பாடநூலுக்குச் சரி (ஆக்சிஜனை இழப்பதை அங்கே ‘ஒடுக்கம்’ என்பார்கள்), ஆனால் பானை பற்றிய கட்டுரையில் அதைப் படிப்பவர் பானையை நசுக்கிச் சுடுகிறார்கள் போல என்றுதான் நினைப்பார். ‘புகைச் சுடல்’ பாதி சரி.

ஏன் பாதி? அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சான் இல்டெஃபான்சோ பியூப்லோ என்ற பழங்குடி ஊர் மக்கள் பானை செய்வதைப் பாருங்கள். சக்கரம் கிடையாது. எரிமலைச் சாம்பல் கலந்த களிமண்ணைக் கயிறு போல உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி உயர்த்துகிறார்கள். காய்ந்ததும் சுரண்டிச் சீராக்கி, இரும்புச்சத்துள்ள செங்களிக் குழம்பைப் பூசி, ஈரம் போவதற்குள் கூழாங்கல்லால் தேய்தேயென்று தேய்க்கிறார்கள் (அந்தப் பளபளப்பு முழுக்கக் கல்லின் வேலை, கண்ணாடிப்பூச்சு எதுவும் இல்லை). அப்புறம் திறந்தவெளியில் விறகும் வறட்டியும் அடுக்கித் தீ. அதை அப்படியே எரியவிட்டால் கிடைப்பது சிவப்புப் பானைதான். அவர்களோ தீ நன்றாகப் பிடித்திருக்கும்போதே பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். உள்ளே காற்று போக வழியில்லை. பூச்சிலிருக்கும் இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து கருக்கிறது, கூடவே கரித்துகளும் நுண்துளைகளில் படிகிறது. புகைக்கும் பங்குண்டு, ஆனால் காற்றை அடைக்காவிட்டால் வேலை நடக்காது.

இந்த வேலைக்கு நம்மிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது. இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடிக் கரி எடுக்கிறார்களே, கரிமூட்டம். வாழைத்தாரைப் பழுக்க வைக்கவும் மூட்டம்தான் போடுகிறோம். ஆகவே ‘மூட்டச் சுடல்’. தீ மூட்டுவதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். கரிமூட்டத்தில் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

இப்படிச் சுட்ட பாண்டத்துக்குக் ‘கரும்பாண்டம்’ போதும். கீழடி, ஆதிச்சநல்லூர் கருப்பு-சிவப்புப் பானைகளோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், அவற்றில் உள்பக்கமும் வாயோரமும்தான் கருப்பு, இது முழுக்கக் கருப்பு.

நான் திணறுவது ‘மேட்’ (matte, பளபளப்பில்லாத பரப்பு) என்ற சொல்லில். 1919 வாக்கில் அதே சான் இல்டெஃபான்சோவின் மரியா, ஜூலியன் மார்ட்டினெஸ் என்ற பானைக் கலைஞர் தம்பதி கண்ட முறை அது: தேய்த்து மெருகிட்ட பரப்பின்மேல் களிக்குழம்பால் சித்திரம் வரைந்து சுட்டால், வரைந்த இடம் மட்டும் பளபளப்பில்லாமல் நிற்கும், கருப்பின்மேலேயே கருப்பு. ‘மங்கல்’ என்றால் ஏதோ குறை போலத் தொனிக்கிறது. ‘பளபளப்பற்ற’ வெறும் எதிர்மறை. ‘கரும்பலகைக் கருப்பு’ என்று வீட்டில் சொன்னேன், சிரித்தார்கள். உங்கள் ஊர்க் குயவர்களிடமோ தச்சர்களிடமோ இதற்கு ஒரு சொல் இருந்தால் எழுதுங்கள்.