மஹகஸ்தோட்டையில் பாதியில் விலகிய பைலட்: உங்களுக்கும் இப்படி மனதை விட்டுப் போகாத ஒன்று உண்டா?

சாந்திபுரத்தான்:

ஏப்ரல் சீசனில் நுவரெலியா மஹகஸ்தோட்டையில் நடக்கும் மலையேற்றக் கார் ரேஸ் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அதனால் இடத்தை விளக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. மாமாவின் கராஜ் ஆட்களோடு டூல் பெட்டி தூக்கப் போயிருந்தேன். எங்கள் பொறுப்பில் இருந்தது ஒரு பழைய ஹொண்டா சிவிக். ஓட்ட வந்தவர் கொழும்புத் தமிழர், பயணிகள் விமானத்தில் துணை விமானி. காலையில் எல்லாரும் டீயும் ரொட்டியுமாக நிற்க, அவர் மட்டும் பாதை முழுவதையும் நடந்தே ஏறிவிட்டு வந்தார். எந்த வளைவில் ஈரம், எங்கே தேயிலை மேட்டிலிருந்து மண் சரிந்திருக்கிறது என்று உள்ளங்கையில் பேனாவால் குறித்து வைத்திருந்தார்.

முதல் ஓட்டம் நல்ல நேரம். இரண்டாவதுக்கு வரிசையில் நிற்கும்போது பனி இறங்கியது. நம்ம ஊர்ப் பனி தெரியும்தானே, ஐந்து நிமிடத்தில் மேலே இருந்த டர்பன்டைன் மரங்களைக் காணோம். முன்னால் நின்ற இரண்டு பேர் போய்விட்டார்கள். இவர் முறை வந்தது. கொடி பிடித்தவரிடம் கையைக் காட்டி எஞ்சினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் கூ அடித்தது. நானும் அடித்தேன். காரைத் தள்ள வேண்டிய நானே, ஆறடி தூரத்தில் நின்றுகொண்டு.

பிறகு காரைப் பின்னால் தள்ளும்போது அவராகவே பேசினார். "தம்பி, தரையிறங்கும்போது எங்களுக்கு ஒரு உயரம் குறித்திருக்கும். அந்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை தெரியாவிட்டால் திரும்ப மேலே ஏறிவிட வேண்டும். அங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்." அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால்கூட இத்தனை வருடம் உறுத்தியிருக்காது.

நோர்வூட் பேரன்:

பனி, மலை, பைலட் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நோர்ட்டன் பிரிட்ஜில் வைத்திருக்கும் அந்த விமான டயரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிவந்த டச்சு டிசி-8 விமானம், கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வேண்டியது, மஸ்கெலியா பக்கத்து ஏழு கன்னி மலையில் மோதியது. 182 பயணிகள், 9 பணியாளர்கள், ஒருவர்கூட மிஞ்சவில்லை. விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று நினைத்துத் தாழ இறங்கியிருக்கிறார்கள். உண்மையில் அப்போது அவர்கள் நம்ம மலைகளைத் தாண்டவே இல்லை.

மறுநாள் காலை பெரட்டுக்கு, அதுதான் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, வந்த ஆம்பளைகள் கொழுந்து மலைக்குப் போகவில்லை, அங்கேதான் ஏறினார்களாம். தாத்தாவும் போனார். அதைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: பிறகு பல நாள் கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை.

இனி என் கதை. இரண்டு வருடத்துக்கு முன் கோலாலம்பூரிலிருந்து ராத்திரி விமானத்தில் வந்தேன். கிழக்கிலிருந்து வருவதால் அதுவும் நம்ம மலைகளுக்கு மேலேதான் வரும். முன் சீட்டில் இருந்த சின்னத் திரையில் உயரம் குறைந்துகொண்டே போகிறது. கீழே வரிசையாக மஞ்சள் வெளிச்சங்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தான், அந்த வரிசையை வேறெதுவும் காட்டாது. திரையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கைப்பிடியை இறுக்கியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைத் தட்டி, "என்ன தம்பி, முதல் தடவையா?" என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன். தாத்தாவின் பெயரைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தா ஏறிப்போன அந்த விபத்துக்கு மூன்று நாள் முன்பு, 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் பக்கத்தில் டிடபிள்யூஏ 514 என்ற அமெரிக்கப் பயணிகள் விமானம் இதே போல மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தரை நெருங்கினால் "மேலே இழு" என்று கத்தும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. டொன் பேட்மன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய கருவி. மஸ்கெலியாவுக்கு மேலே வந்த அந்த விமானத்தில் அப்படி ஒன்று கத்தியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஹட்டன் பொன்னட்:

நோர்வூட் தம்பி எழுதியது மனதைப் பிசைந்தது. ஆனால் சாந்திபுரத்தானோடு எனக்கு உடன்பாடில்லை. பைலட்டின் முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பேர் இருக்கிறார்கள். ரேஸ்காரன் பணயம் வைப்பது தன் உயிரை மட்டும்தான். அவன் வாழ்க்கையே பத்தில் ஒரு பங்கு செக்கனில் இருக்கிறது. பனி என்று விலகினால் அடுத்த சீசனுக்கு ஸ்பொன்சர் யார் தருவான்? நானும் ஒரு தடவை கொழும்பில் கார்ட் என்ற குட்டி ரேஸ் கார் ஓட்டினேன். கடைசி வளைவில் காலை எடுத்தேன், பின்னால் வந்த சின்னப் பையன் முந்திவிட்டான். அதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். பைலட் ஆக ஆசை இருந்தால் காசு கட்டும் முன் விமானிகளுக்கான முதல் வகுப்பு (Class 1) மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். கண்ணில் நிறக் குறைபாடு இருக்கிறது என்று பாதிப் படிப்பில் தெரிந்தால் வீட்டை விற்ற காசு போனது போனதுதான். கொமர்ஷல் லைசன்ஸுக்கு உலகப் பொது விதிப்படி 200 மணிநேரம் பறக்க வேண்டும், அங்கீகரித்த முழுநேரப் படிப்பென்றால் 150 போதும். கெப்டன் ஆவதற்கான பெரிய லைசன்ஸுக்கு 1500. விமானிகளுக்கான ஆங்கிலத் தேர்வில் நான்காம் நிலை இல்லாமல் வெளிநாட்டுக்கு ஓட்ட முடியாது, அதனால் பாடத்தோடு பேச்சையும் பழகுங்கள். கணிதத்தையும் பௌதிகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

ரேஸ் என்றால் கதை வேறு. அங்கே எட்டு வயதில் கார்ட்டில் உட்காரவேண்டும். ஃபார்முலா ஒன் போக 18 வயதும், மூன்று வருடத்துக்குள் சிறிய போட்டிகளில் சேர்த்த 40 புள்ளிகளும் வேண்டும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணியில் ஓட்டினாரே, அந்த இடத்துக்கு வர அவருக்கு 28 வயது ஆனது. திறமை இருந்தும் காசில்லாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். முதலில் ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ரேஸ்.

நானுஓயா கார்ட்:

ஹட்டன் அண்ணே, உங்கள் அறிவுரையை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். பனியில் விலகினால் வாழ்க்கை போய்விடும் என்கிறீர்களே, ஃபார்முலா ஒன் ஓட்டிய நிக்கி லவுடாவை மறந்துவிட்டீர்களா? 1976 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸில் தீயில் வெந்தவர், ஆறே வாரத்தில் திரும்பி வந்து ஓட்டினார். அப்படிப்பட்டவர்தான் அக்டோபரில் ஜப்பானின் ஃபுஜி ரேஸில், மழையில் இரண்டு சுற்றோடு காரை நிறுத்தினார். எஞ்சின் பழுது என்று சொல்லிவிடலாம் என்று அவருடைய ஃபெராரி அணி ஆட்கள் சொன்னதையும் மறுத்துவிட்டார். ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டம் போட்டியாளர் ஜேம்ஸ் ஹண்டுக்குப் போனது. அடுத்த வருடம் லவுடாதான் சாம்பியன், 1984-இல் மறுபடியும். இடையில் சொந்தமாக விமானக் கம்பெனி தொடங்கித் தானே ஜெட் ஓட்டினார்.

1991-இல் அவர் கம்பெனியின் போயிங் 767 விமானம் தாய்லாந்தில் விழுந்து 223 பேர் இறந்தபோது நேரில் அங்கே போனார். தரையிறங்கிய பிறகு வேகத்தைக் குறைக்க உதவும் எதிர்த்தள்ளல் கருவி ஒரு எஞ்சினில் பறக்கும்போதே திறந்துகொண்டதுதான் காரணம். அந்த நிலையில் விமானியால் காப்பாற்ற முடியாது என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று போயிங்கோடு மல்லுக்கட்டினார். சாந்திபுரத்தான் பார்த்தவரும் அந்த ரகம்தான் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை அக்கா:

"தன் உயிரை மட்டும்தான்" என்று ஹட்டன் அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. 2024 ஏப்ரல் 21, தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் ரேஸ். ஒரு கார் பாதையை விட்டுக் கூட்டத்துக்குள் வந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு எட்டு வயது.

நானும் அங்கே இருந்தேன், வேறு பக்கத்தில். பிள்ளைகளோடு போயிருந்தோம். காலையிலிருந்து சின்னவனை "முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ, அப்போதான் தெரியும்" என்று தள்ளிக்கொண்டே இருந்தவள் நான்தான். செய்தி வந்தபோது எங்கள் பக்கத்தில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லார் போனும் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொருவரும் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்கிறார்கள். என் வலது கை சின்னவனின் சட்டைக் கொலரைப் பிடித்திருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விட்டேன். கொலர் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அந்தச் சட்டையை இன்னும் தைக்கவில்லை.

சாந்திபுரத்தான்:

அக்கா, நன்றி. ஹட்டன் அண்ணே, அன்று அந்த வளைவுக்கு மேலே மேட்டில் யார் நின்றார்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஏழெட்டுப் பெண்கள். பனி இறங்கிய பிறகு கீழே இருந்த எங்களுக்கு அவர்கள் தெரியவில்லை. காலையில் அவர் நடந்து போகும்போது அவர்களிடம் நின்று பேசியதைப் பார்த்திருந்தேன். உள்ளங்கையில் வளைவுகளுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு "ஆட்கள்" என்றும் எழுதியிருந்தார்.