புதுப்பிப்பு: அஃபக்கிலிருந்து நிப்பூர், விசா முதல் சேறு வரை

தெற்கு ஈராக்கின் அஃபக் என்ற சிற்றூரில் இருந்து, பழைய சுமேரிய நகரமான நிப்பூரின் இடிபாட்டு மேடுகளைப் பார்ப்பது பற்றிய முந்தைய பதிவின் தொடர்ச்சி இது. விசா பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தீர்கள். 2025 மார்ச் முதல் இணையவழி விசாதான். புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். வடக்கே தன்னாட்சி பெற்ற குர்திஸ்தான் பகுதி தரும் விசா இங்கே செல்லாது.

பாக்தாத்திலிருந்து தெற்கே திவானியா நகருக்குப் பகிர்வு டாக்சி. அங்கிருந்து கிழக்கே அஃபக். அதன் வடக்கே சில கிலோமீட்டரில் தொல்லிடம். ஓட்டுநரிடம் 'நிப்பூர்' என்றால் விழிக்கக்கூடும், உள்ளூர்ப் பெயரான 'நுஃபர்' என்று கேளுங்கள். திரும்பி வர வண்டி கிடைக்காது. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே வாடகை பேசுங்கள். சோதனைச் சாவடிகளுக்குக் கடவுச்சீட்டு, விசா நகல்கள் நாலைந்து வேண்டும். செலவுக்கு தினார் நோட்டு.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். உப்பேறிய களிமண் செருப்பில் அப்பிக்கொள்ளும், மேட்டுச் சரிவு வழுக்கும், நனைந்த சுடாத செங்கல் மிதித்தால் உதிரும். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும், ஒதுங்க நிழலே இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை, காலை வேளை நல்லது.

ஜிகுராத் என்ற படிக்கட்டுக் கோபுரக் கோயிலின் உச்சியில் தெரியும் செங்கல் கட்டடத்தைப் படம் எடுத்து 'சுமேரியர் கோயில்' என்று போடுகிறார்கள். அது 1900 வாக்கில் அமெரிக்க அகழாய்வாளர்கள் கட்டியது! கி.மு. 2100 வாக்கில் ஊர்-நம்மு என்ற மன்னர் எழுப்பியது கீழே உள்ள மேடு. காலடியில் கிடக்கும் பானை ஓடுகளை எடுக்காதீர்கள். தொல்பொருள் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் மாட்டுவீர்கள்.